கீரிமலையிலிருந்து கொடைக்கு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் நாலு மணித்தியாலம். அங்கிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று பஸ் மாறி மாறி இந்த மலைக்கு வந்து சேர ஓர் இரவும் அரைப் பகலும். நாட்டைத் தாண்டியதைவிட நாட்டுக்குள் வந்ததுதான் அலுப்பு.

யாழ்ப்பாணத்தில் மலை என்ற பெயரோடு இருப்பது கீரிமலை. அங்கே மலை கிடையாது, கடலோரத்தில் ஒரு கேணிதான் உண்டு. 23 வயது வரைக்கும் நான் ஏறிய அதிக உயரம் எங்கள் கோட்டை மதில். காட்ரோடு தாண்டி முதல் வளைவு திரும்பினதுமே வயிறு புரட்டத் தொடங்கிவிட்டது. கண்டக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "மோந்துக்கிட்டே வாம்மா. ஊத்து தாண்டுனா சரியாயிரும்." ஊத்து தாண்டியும் சரியாகவில்லை.

பெருமாள்மலையில் பஸ் நின்றபோது மடியிலிருந்த பையைத் திறந்தேன். அம்மா கட்டித் தந்த பருத்தித்துறை வடைப் பைக்கற் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. கடல் மட்டத்தில் ஒட்டிய காற்று, இந்த உயரத்தில் தனக்கு இடம் போதாமல் முட்டிக்கொண்டு நின்றது. குத்திவிட மனம் வரவில்லை. அது ஊர்க் காற்று.

ஆகஸ்ட் 5

அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. 1984 இல் தொடங்கியது. எனக்கு வரலாறு முதுகலை. அறையில் என்னோடு இரண்டு பேர்: ஒருத்தி பூம்பாறை, மற்றவள் ஒட்டன்சத்திரம்.

முதல் நாளே மரியாதையாகக் கேட்டேன்: "நீர் எவடத்திலயிருந்து வாறீர்?" இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். "பழைய சிவாஜி படத்துல சிவபெருமான் பேசற மாதிரியே இருக்கு!" எங்கள் பக்கத்தில் சரிநிகரானவரிடம் 'நீ' என்றால் குறைவு, 'நீங்கள்' என்றால் தூரம், நடுவில் ஒரு 'நீர்' உண்டு. இங்கே அந்த நடு இருக்கையே இல்லை. மறுநாளே எனக்கு 'வாடி' விழுந்துவிட்டது. ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டால் ஒரு கிழமைக்குக் கதைக்க மாட்டேன். இங்கே அதுதான் பாசமாம்.

அடுத்து, பயந்து பயந்து கேட்டேன்: "இங்க பகிடிவதை இருக்கா?" அது என்ன சாப்பாடு என்று கேட்டாள் ஒட்டன்சத்திரக்காரி. விளக்கினேன். "ஓ, ராகிங்கா!" அதெல்லாம் இல்லை என்றார்கள். ஆனால் அந்தச் சொல் இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், யார் யாரைக் கிண்டல் செய்தாலும் இப்போது எங்கள் அறையில் பகிடிவதைதான்.

ஆகஸ்ட் 8

குளிர். மூன்று மணிக்கு மூடுபனி வந்து யன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறது. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரம். இவ்வளவு உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடுமாம், குக்கர் இல்லாமல் சோறு வேக நேரம் எடுக்கும். தேநீரிலும் சாயம் இறங்குவதில்லை, எவ்வளவு தூள் போட்டாலும்.

பேக்கரியில் போய்ப் "பாண் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரரின் முகம் இறுகியது. "பான், குட்கா எல்லாம் தடை பண்ணியாச்சும்மா. காலேஜ் புள்ள கேக்குற பொருளா இது?" அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் பாண் அடுக்கி வைத்திருந்தது. விரலால் காட்டினேன். "பிரெட்டா! சொல்றதுக்கென்ன?" சொன்னேனே.

பிறகு சிம் கார்ட். "ஆதார் குடுங்க." இல்லை என்றேன். "தமிழ் பேசறீங்க, ஆதார் இல்லைங்கிறீங்க?" கடவுச்சீட்டை நீட்டினேன். முதல் பக்கத்தைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அதில் தமிழ் எழுத்து. பக்கத்திலிருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். "எங்க பாஸ்போர்ட்ல இந்தியும் இங்கிலீசும்தான் இருக்கு. தமிழ் இல்லீங்க." அந்தத் தமிழ் அங்கே ஏற என்ன விலை கொடுத்தோம் என்று சொல்லத் தொடங்கினால் கடை பூட்டுகிற நேரம் ஆகிவிடும். சிம்மை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12

180 நாளுக்கு மேல் விசா உள்ள வெளிநாட்டவர் வந்த 14 நாளுக்குள் பதிய வேண்டும். எல்லாம் இணையத்தில்தான். கோப்புகளை ஏற்றி முடிக்க மூன்று இரவு போனது, மழை விழுந்தால் சிக்னல் இறங்கிவிடுகிறது. எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் 'வெளிநாட்டவர்'. பகல் முழுக்கத் தமிழில் நொட்டை கேட்டுவிட்டு இரவில் இதை நிரப்பும்போது கொஞ்சம் ரோசம் வரத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 16

நேற்றுச் சுதந்திர தினம். கொடி ஏற்றியதும் மிட்டாய் தந்தார்கள், நானும் தின்றேன். விடுமுறையோடு சேர்த்துப் பூம்பாறைக்காரி தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மேலே ரோட்டில் நின்று பார்த்தால் ஊர் முழுவதும் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. படிப்படியாக வயல்கள், நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். அவள் வீட்டுப் பரணைப் பார்த்ததும் "இவ்வளவு உள்ளியா!" என்று கத்திவிட்டேன். எங்களுக்கு உள்ளி என்றால் பூண்டு. அவளுடைய அம்மா, "உள்ளி இல்ல கண்ணு, பூண்டு. உள்ளின்னா வெங்காயம்ல" என்று திருத்தினார். அடுப்புக்கு மேலே தாளோடு பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழிருந்து வருகிற புகை ஏறி ஏறித் தோல் பழுப்பாகிவிடுகிறது. அப்படி வைத்தால் மாதக் கணக்கில் கெடாது, விதைக்கும் அதுவேதானாம். புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். ஒரு பல்லை நசுக்கித் தந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் சந்தைப் பூண்டு இதற்குப் பக்கத்தில் நிற்காது.

இரவு, கம்பளிக்குள் இருந்துகொண்டு அவர் கேட்டார்: "உங்க சிலோன்ல மலையே இல்லையா கண்ணு?"

இருக்கிறது, நடு நாடு முழுக்க மலைதான், தேயிலைத் தோட்டம் என்றேன். "அங்க எப்படி, இந்த மாதிரி குளிரா?" நான் போனதில்லை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19

கொடைக்கானல் யார் கட்டிய ஊர் என்று வகுப்பில் பேச்சு வந்தது. அமெரிக்க மிஷனரிகள், 1845, சன்னிசைட், ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்கள். மதுரையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள், முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்து, அங்கேயும் மலேரியா விடாமல் துரத்தியதால் இங்கே ஏறியிருக்கிறார்கள். இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த மதுரை மிஷன் எங்கேயிருந்து வந்தது என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1834 இல், யாழ்ப்பாணத்திலிருந்து. இடம் பார்க்க முதலில் மதுரைக்கு வந்தவர் லெவி ஸ்போல்டிங். உடுவிலில் எங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில், 1824 இல் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடத்தோடு பல காலம் வாழ்ந்த அதே ஸ்போல்டிங்.

ஆக, எங்கள் ஊரிலிருந்து ஒருவர் புறப்பட்ட காரியம் பதினொரு வருடத்தில் இந்த மலையில் வந்து நின்றிருக்கிறது. எனக்கு இரண்டு நாளும் ஓர் எலுமிச்சம்பழமும் போதுமாக இருந்தன.

ஆகஸ்ட் 21

இன்று நல்லூர்த் தேர். காலையிலேயே அம்மா வீடியோவில் வந்து, சனத்துக்கு மேலால் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பச்சைச் சாமான் எதுவோ ஆடிக்கொண்டு போனது, அரோகரா மட்டும் தெளிவாகக் கேட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகலாம் என்று பூம்பாறைக்காரி இழுத்துக்கொண்டு போனாள்.

கோயில் சின்னது. மேகம் விலகும்போது வடக்கே, கீழே வெகு தூரத்தில் பழனி மலை தெரிகிறது, கையில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல. சுற்றிக் குறிஞ்சிச் செடி. 2018 இல் பூத்தது, இனி 2030. "இத ஒரு வெள்ளைக்காரம்மா கட்டுனாங்க தெரியுமா? 1936ல. நம்ம சாமிய கும்பிட்டு, பேரக்கூட லீலாவதின்னு மாத்திக்கிட்டாங்க" என்றாள்.

லீலாவதி என்ன லீலாவதி என்றேன். லீலாவதி இராமநாதன்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, அவுஸ்திரேலியாக்காரி. இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974 முதல் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த வளவுக் கோயிலைக் கடந்துதான் நாலு வருடம் வகுப்புக்குப் போனேன். பரீட்சைக்கு மட்டும் உள்ளே போய்க் கும்பிட்டேன். கணவர் 1930 இல் இறந்த பிறகு, அந்த அம்மா இந்த மலையில் வந்து முருகனுக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்.

இராமநாதனை நான் முழுதாகக் கொண்டாடுகிறவள் இல்லை. எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டாம் என்று டொனமூர் ஆணைக்குழுக் காலத்தில் வாதாடிய மனிதர். என்றாலும் இன்றைக்கு அந்தக் கணக்கைப் பார்க்க மனமில்லை. தேர் பார்த்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சந்தை. பேரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஆனைக்கொய்யா. இங்கே பட்டர் ஃப்ரூட். விற்றுக்கொண்டிருந்த கிழவி, "ஒரு கிலோ போடவா தாயி?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

தராசைத் தூக்கிய கை அப்படியே நின்றது. "எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு யாழ்ப்பாணத்து மாஸ்டர் இருந்தாரு. எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்பாரு. நீ சிலோனா?"

அவளுக்குக் குண்டுப்பட்டி. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்த தோட்டத்துச் சனம். 1964 இல் இரண்டு பேர் மேசையில் இருந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துவிட்டு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்து போனார்கள். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அந்த எண்ணுக்குள் இருந்த ஓர் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அவளுக்குப் பத்து வயது. குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே பாஸ்போர்ட், ஒரே படம். "அதுல எங்க தம்பி கண்ண மூடிக்கிட்டு நிப்பான்." இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. அங்கே கள்ளத்தோணி என்றார்களாம். இங்கே இன்று வரைக்கும் சிலோன்காரி.

"அட்டன் பக்கம் இப்ப எப்படி இருக்கு? எங்க லயத்துக்கு மேல முருகன் கோயில் ஒண்ணு, பக்கத்துல பெரிய கொய்யா மரம். மரம் நிக்குதா?"

நான் அட்டனுக்குப் போனதில்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "உன் நாடுதானே?" என்று கேட்டாள், கோபமில்லாமல்.

தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம் எல்லாம் சொன்னாள், ஒன்றும் மறக்கவில்லை. இந்தக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டேன். ஒரு கிலோவுக்கு மேல் இரண்டு காய் கூடப் போட்டாள், காசு வாங்கவில்லை.

அறைக்கு வந்து கணக்குப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் ரெயின் ஏறி, பொல்காவலையில் மாறினால் அட்டன். இங்கே வந்து சேர எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகாது.