காருக்கும் கவனிப்பு வேண்டும்!

என் மாமியாருக்கு 72 வயது. எலும்பு மெலிந்து போயிருப்பதால், "குலுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய குலுக்கலில் முதுகெலும்பே நொறுங்கிவிடலாம்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எங்கள் காரோ வேகத்தடையில் ஏறி இறங்கினால் நாலு தடவை தூக்கித் தூக்கிப் போடும். "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்று கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். என் கணவர் ரோட்டைத் திட்டிவிட்டு, சீட்டுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காரின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டுப் பார்த்தேன். முன்பக்கம் ஒரே ஆட்டத்தோடு நின்றது. பின்பக்கம் ஊஞ்சல்தான்! குனிந்து பார்த்தால், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாயில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. அதுதான் ஷாக் அப்சார்பர்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியே மெல்லப் புகுந்து வருவதால் துள்ளல் அடங்குகிறது. எண்ணெய் போனால் அடக்கமும் போச்சு! இது சொகுசு விஷயம் மட்டுமல்ல. துள்ளும் சக்கரம் ரோட்டைச் சரியாகப் பற்றாது. பிரேக் போட்டாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிற்கும். டயரும் திட்டுத் திட்டாகத் தேயும்.

"கசியற ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதும்மா" என்றார் மெக்கானிக். நான் விடவில்லை. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் இரண்டு பக்கமும் ஒரேபோல் அடங்குமா? ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். நைந்த ரப்பர் புஷ்களையும் மாற்றச் சொன்னேன். "இவ்வளவு செலவா?" என்று இழுத்தார் என் கணவர். "அம்மா முதுகை விடவா?" என்றேன். பேச்சே இல்லை! அடுத்த வெள்ளிக்கிழமை மாமியார் எங்களோடு கோயிலுக்கு வந்தார்.

என் நாத்தனாரின் பெரிய காரில் ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள். ரப்பரில் வெடிப்பு விழுந்தால், ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். "அப்புறம் பார்க்கலாம்" என்று ஓட்டினால் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் ஓய்வில்லாமல் ஓடிக் கெட்டுவிடும். செலவு இரட்டிப்பு!

சகோதரிகளே, காரை சர்வீஸுக்கு விடும்போது ஷாக் அப்சார்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் காருக்கு அடியில் நுழைய விடாதீர்கள். வயதானவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பின் சக்கரத்தை ஒட்டிய சீட்டில்தான் குலுக்கல் அதிகம். வண்டி விஷயம் ஆண்களுக்கு என்று ஒதுங்க வேண்டாம். அதில் உட்கார்ந்து போவது நாம் எல்லோரும்தானே!