எரிந்து எழுந்த சந்தை நகரம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டோர்செட் மாவட்டத்தில், ஸ்டூர் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம் பிளான்ட்போர்ட் ஃபோரம். 'ஃபோரம்' என்றால் லத்தீன் மொழியில் சந்தை. பெயரிலேயே சந்தையைச் சுமக்கும் ஊர் இது.

1731 யூன் 4ஆம் திகதி, கொழுப்பு மெழுகுதிரி செய்பவர் ஒருவரின் வீட்டில் பிடித்த தீ ஊரையே விழுங்கியது. நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. போதாக்குறைக்கு ஊரில் அம்மை நோயும் பரவியிருந்தது.

மறுவருடமே பாராளுமன்றம் ஊரைத் திரும்பக் கட்டச் சட்டம் இயற்றியது. ஜோன், வில்லியம் பாஸ்டட் என்ற கட்டடக்காரச் சகோதரர்கள் முன்னின்று செங்கல்லால் புதிய நகரத்தை எழுப்பினர். 1739இல் தேவாலயம் முடிந்தது. 1760இல் அதனருகே ஜோன் ஒரு நீர்ப்பம்பியை நிறுவினார். இனியொரு தீ வந்தால் தண்ணீர் வேண்டுமல்லவா?

கல்லில் ஆண்களின் பெயர் இருக்கிறது. பெண்களோ? தீக்கு முன்னர் இவ்வூர் றேந்தை பெயர்பெற்றது. எழுத்தாளர் டானியல் டீபோ அதனை வியந்து எழுதியிருக்கிறார். பின்னர் றேந்தை மங்க, சட்டைத் தெறி செய்யும் தொழில் வளர்ந்தது. கம்பி வளையத்தில் நூல் சுற்றி, சுற்றுவட்டாரப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே செய்தார்கள். வயல் வேலையை விட இது மேல் என்றே பலர் எண்ணியிருப்பார்கள். வெயிலில்லை, பிள்ளையும் கண்முன்னே. ஆனால் 1851இல் லண்டன் கண்காட்சிக்குத் தெறி செய்யும் இயந்திரம் வந்தது. சில வருடங்களிலேயே கைவேலைக்கு ஆளில்லை. பல குடும்பங்கள் கப்பலேறிப் பிறநாடு சென்றன.

தீயில் போன வீடுகளுக்குச் சட்டமும் பணமும் வந்தன. இயந்திரத்தால் போன கைத்தொழிலுக்கு நீர்ப்பம்பி வைப்பார் எவருமில்லை.