திருவள்ளூர் பஜேரோவும் கும்மிடிப்பூண்டி உலையும்

ஒரு வண்டி பிறந்த இடமும் அது உருகப்போகும் இடமும் ஒரே மாவட்டத்தில் இருக்க முடியுமா? திருவள்ளூர் மாவட்டத்தில் முடியும்.

திருவள்ளூர் அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு அங்கிருந்தே பஜேரோவும் வந்தது. எஞ்சினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகிற 'ஃபோர் வீல் டிரைவ்' வண்டி. அந்த ஆலையில் இப்போது பஜேரோ தயாராவதில்லை. அதே மாவட்டத்தின் வடக்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் இருக்கின்றன.

இந்த இரண்டுக்கும் நடுவே, பழைய பஜேரோவை மீட்க நினைப்பவர் தேடிப் போகும் இடம் சென்னை புதுப்பேட்டை. கழற்றிய வண்டிகளின் கதவு, கியர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் தனித்தனியாக விற்கும் சந்தை.

காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று வரும். வருமான வரிக் கணக்கில் தொழிலுக்கு வாங்கிய காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். அப்படிக் கழித்துக்கொண்டே போனால் 10 லட்சம் ரூபாய் வண்டி 15 ஆண்டுகளில் சுமார் 87 ஆயிரத்தில் வந்து நிற்கும். உலைக்கு அதுகூடக் கணக்கில்லை, எடை மட்டும்தான். ஆனால் முன் டிஃபரன்ஷியல் உடைந்து நிற்கும் ஒருவருக்கு, இன்னொரு வண்டியின் நல்ல டிஃபரன்ஷியல் எடைக்கு எடை பார்க்கிற பொருளா?

அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. கிரவுன் வீலில் 39 பல், பினியனில் 8 பல் என்றால் விகிதம் 4.875. முன்னாலும் பின்னாலும் இந்த விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், ஃபோர் வீல் டிரைவ் போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். தார்ச் சாலையில் டயர் வழுக்க வழியில்லாததால் அந்த முறுக்கு முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸின் தலையில் விழும். மலிவாக வாங்கிய ஒரு பாகம், நல்லபடியாக இருந்த இன்னொன்றைத் தின்றுவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விலை பேசும் முன் பல்லை எண்ணுகிறார்கள்.

எஞ்சினை மாற்றினால் இன்னொரு வேலை சேர்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பழைய எஞ்சின் நம்பர். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் புது நம்பரைப் பதிய வேண்டும். வாங்கிய எஞ்சினுக்குக் கணக்கான காகிதம் இல்லாவிட்டால், வண்டி ஜோராக ஓடினாலும் சட்டப்படி சாலையில் இறக்க முடியாது. சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் தகுதி காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், இந்தக் காகிதம் எப்படியும் ஒருநாள் கேட்கப்படும்.

ஜப்பானிலும் 2021-ல் பஜேரோ தயாரிப்பு நின்றுவிட்டது. இனி ஓடாத வண்டிகளில் இருந்தும் ஓடும் வண்டிகளுக்குப் பாகம் கிடைத்தாக வேண்டும். துருப்பிடித்த தகடு உலைக்குப் போகட்டும், அதுவும் யாரோ ஒருவர் வீட்டுக்குக் கம்பியாகும். நல்ல கியரும் சேர்ந்து போனால்தான் நஷ்டம். கம்பியை மறுபடி கியராக்க புதுப்பேட்டையில் ஆள் இல்லை!