தாம்பரத்துச் சைக்கிள் யாத்திரை

தாம்பரம் என்றதும் வாசகர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சரித்திரத்தில் பிரியமுள்ளவர்களுக்கு மின்சார ரயில் ஞாபகம் வரலாம். 1931-ம் வருஷத்தில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் விட்ட மின்சார ரயில்தான் தென்னிந்தியாவுக்கே முதல். வேறு சிலருக்கு க்ஷயரோக சிகிச்சைக்குப் பெயர் போன ஸானடோரியம் ஞாபகம் வரலாம். அதன் பெயராலேயே ஒரு ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. 1937-ல் பட்டணத்து நெரிசலை உதறிவிட்டு இங்கே மரங்களுக்கிடையில் வந்து குடியேறிய கிறிஸ்தவக் கல்லூரியைச் சொல்வாரும் உண்டு. பாக்கிப் பேருக்கெல்லாம் ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதல் நாள் ராத்திரி மூட்டை முடிச்சுக்களுடன், குழந்தை குட்டிகளுடன், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றோமே, அந்த நிற்பு!

இந்தத் தாம்பரத்தை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலே முக்கால் மணிக்குப் பார்த்தால் அடையாளமே தெரியாது. கடைகள் மூடிக் கிடக்கும். பால்காரரும் பத்திரிகை போடுகிறவரும் மட்டும் நடமாடுவார்கள். அந்த வேளையில், சேலையூர்ப் பக்கத்திலிருந்து இருவர், முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து மூவர், குரோம்பேட்டையிலிருந்து ஒரு கும்பல் என்று சைக்கிள்கள் வந்து சேரும். முன்னால் வெள்ளை விளக்கு. பின்னால் கண் சிமிட்டும் சிவப்பு விளக்கு. தலையிலே கவிழ்த்து வைத்த தேங்காய் மூடியைப் போல் ஒரு கவசம். உடம்போடு ஒட்டிய சட்டை. எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் குறைவில்லை. "இவர்கள் எல்லாம் எங்கே ஸார் போகிறார்கள்?" என்று எதிர் வீட்டுப் பெரியவர் நம்மை ஒரு நாள் கேட்டார். "கோவளத்துக்கு" என்றோம். "அங்கே என்ன விசேஷம்?" "விசேஷம் ஒன்றும் இல்லை. போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள்." பெரியவர் நம்மையும் சேர்த்துச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சென்னையில் இப்படிப்பட்ட சைக்கிள் சங்கங்கள் பல இருக்கின்றன. 'வி ஆர் சென்னை சைக்ளிங் குரூப்' என்ற சங்கம் பேட்டைக்குப் பேட்டை கிளை வைத்திருக்கிறது. 'சைக்ளிங் யோகிஸ்' என்பவர்கள் பழைய கோயில், பழைய கட்டிடம், பழைய ஏரி என்று தேடிக்கொண்டு போகிறார்கள். எதிலும் சேராமல், அடுத்த தெரு சிநேகிதரோடு கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். இவர்கள் யாரும் பந்தயக்காரர்கள் அல்ல. பணத்துக்காக ஓட்டுகிறவர்களும் அல்ல. உத்தியோகமோ வியாபாரமோ ஆறு நாளும் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் தூக்கத்தைத் தியாகம் செய்கிறவர்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள், இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, நாமும் நமது பழைய ஒற்றைப் பல்சக்கர வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டு, போன மார்கழி முழுவதும் அவர்கள் பின்னாலேயே போய் வந்தோம்.

வண்டலூரில் மிருகக்காட்சிசாலைக்கு அருகே இடது பக்கம் திரும்பினால் கேளம்பாக்கம் ரஸ்தா. இந்த மிருகக்காட்சிசாலை 1985-ல் திறந்தது. அறுநூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு. காற்று வாட்டமாக இருந்தால், இருட்டிலே சிங்கத்தின் குரல் மதிலைத் தாண்டி வந்து விழும். அப்போது மிதிக்கிற மிதியிலே ஒரு தனி உற்சாகம் பிறப்பதை நாம் அனுபவத்தில் கண்டோம்! அப்புறம் கண்டிகை, மேலக்கோட்டையூர். இங்கேதான் தமிழ்நாட்டு விளையாட்டுப் பல்கலைக்கழகமும், சைக்கிள் பந்தயத்துக்கென்று ஓரம் உயர்த்திக் கட்டிய வட்டத் தளமும் இருக்கின்றன. மாம்பாக்கம் வரும்போது கிழக்கு வெளுக்கும். புதுப்பாக்கத்தில் குன்றின் மேல் ஆஞ்சநேயர். நாம் இளைப்பாற இறங்கிய இடம் அதுதான். மற்றவர்கள் இளைப்பாறுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, நமக்காக நின்றார்கள். கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கோவளம் போகும் வழியில் காயலின் இரு புறமும் உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் உதய சூரியன் நூறு துண்டாகக் கிடப்பான்.

கேளம்பாக்கத்தில் ஓர் இட்லிக் கடை. அங்கேதான் நமது விசாரணையை நடத்தினோம். கெட்ட பழக்கத்துக்கு எப்படி ஆளானீர்கள் என்று கேட்டால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள் அல்லவா? இவர்களும் அப்படியே. பாங்கி உத்தியோகஸ்தர் ஒருவர் டாக்டர் மேல் பழி போட்டார். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, நடக்கச் சொன்னார், நடந்தால் முழங்கால் வலித்தது, சைக்கிளில் ஏறினால் வலிக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் 2020-ம் வருஷத்து ஊரடங்கைக் காரணம் சொன்னார். நாலு சுவர்களுக்குள் மூன்று மாதம் கிடந்தபின், கதவு திறந்ததும் முதலில் செய்த காரியம் சைக்கிள் தேடி அலைந்ததாம். அந்த நாளில் கடைகளில் சைக்கிள் கிடைப்பதே அரிதாயிருந்தது. ஆனால் அதே 2020 ஜூன் 3-ந் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, வடக்கே ஸாஹிபாபாத்தில் இருந்த அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலை பணமுடையால் வேலையை நிறுத்திவிட்டது. உலகத்தில் விசித்திரங்களுக்குக் குறைவா?

பலரைக் கேட்ட பிறகு நமக்கு ஒரு விஷயம் புலனாயிற்று. ஐரோப்பாவில் சிறு பிராயம் முதலே இதை விளையாட்டாகப் பழகி வருகிறவர்கள் உண்டு. நம்மவர்கள் அப்படி அல்ல. இங்கே யாரும் புதிதாக வந்து சேரவில்லை. எல்லோரும் திரும்பி வந்தவர்கள். ஒவ்வொருவருடைய கதைக்கும் அடியிலே இன்னொரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுத்த வாடகை சைக்கிள். அப்பாவுக்குத் தெரியாமல் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்ட பெரிய சைக்கிள். முனிசிபாலிடி வில்லை இல்லாமல் பிடிபட்ட சைக்கிள். 'குரங்குப் பெடல்' என்று 2024-ல் ஒரு சினிமாவே வந்ததே, அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில் நாலு பேர். வேலை கிடைத்ததும் ஸ்கூட்டர் வந்தது, பிறகு கார் வந்தது. சைக்கிளில் போனால் "பாவம், கஷ்ட ஜீவனம் போலிருக்கிறது" என்று நாலு பேர் நினைத்துவிடுவார்களே என்று அதைப் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் அனுப்பினோம். இருபது வருஷம் கழித்து, ஸ்கூட்டரை விட அதிக விலை கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறோம்.

ஒரு பெண்மணி சொன்ன கதையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறார்; பிறந்தது புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு கிராமம். 1991-ல் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துப் படிக்கும் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கற்றுக்கொடுக்க வரும் பெண் ஊருக்கு ஊர் போக வேண்டுமே, யார் கொண்டு விடுவது? அந்தக் கேள்வியில் ஆரம்பித்த காரியம், ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகமெல்லாம் அறியச் செய்தார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே, குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனார்களாம்.

"அந்தக் கம்பியில் உட்கார்ந்திருந்த குழந்தை நான்தான் ஸார்" என்றார் அந்த அம்மாள். "அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டபோது, ஊரிலே கேலி பேசாதவர்கள் இல்லை. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. 'திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவேனடி' என்பாள்." கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் வந்தபின் பதினைந்து வருஷம் சைக்கிளைத் தொடவில்லை. தாயார் காலமான வருஷம் ஒரு சைக்கிள் வாங்கினாராம். ஏன் என்று நாம் கேட்கவில்லை. அவரும் சட்னியை வழித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

சங்கத்திலே மூத்தவர் ஒருவர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் ஊர் மைதானத்தில் ஒருவன் ஏழு நாள் தரையில் கால் வைக்காமல் சைக்கிளில் சுற்றியதைப் பார்த்தாராம். அவன் சைக்கிளிலேயே குளித்தான், சைக்கிளிலேயே சாப்பிட்டான். ஜனங்கள் அவன் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்தினார்கள். அறுபது வயதுக்கு மேல் இவருக்கு அந்த ஆசை திரும்பிவிட்டது. ஏழு நாள் முடியாது. ஏதோ பதின்மூன்றரை மணி நேரம் சுற்றுகிறார்.

அதென்ன பதின்மூன்றரைக் கணக்கு? 1897-ல் இத்தாலியர் சிலர் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில் ரோமாபுரியிலிருந்து நேபிள்ஸுக்குச் சைக்கிளில் போனார்கள். துணிச்சல்காரர்கள் என்ற பொருளில் அவர்களுக்கு 'ஆடாக்ஸ்' என்று பெயர் வந்தது. பிற்பாடு பாரிஸில் அந்தப் பெயரால் ஒரு சங்கம் ஏற்பட்டு, நெடுந்தூர சவாரிக்கு விதிகள் வகுத்தது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் வந்தால் போதும். முதலில் வந்தவனுக்குப் பரிசு கிடையாது, கடைசியில் வந்தவனுக்கு அவமானமும் கிடையாது. சென்னையில் இந்தச் சவாரிகளை நடத்துகிறவர்கள் 'மெட்ராஸ் ரேண்டனர்ஸ்'. இவற்றுக்கெல்லாம் தலைமை, 1891-ல் ஆரம்பித்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் யாத்திரை. 1200 கிலோமீட்டரை 90 மணிக்குள் முடிக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் அதற்கு 2019-லும் 2023-லும் நம் தேசத்திலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க், இரண்டாம் ராங்க் என்று பிள்ளைகளை வாட்டி எடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் அதிசயமாகத்தான் இருக்கிறது.

இட்லிக் கடை வாசலில் தேநீர்ப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் ஒருவரை வாரா வாரம் பார்ப்போம். கட்டிட வேலை நடக்கும் இடங்களில் தேநீர் விற்பவர். ஒரு நாள் பாங்கிக்காரரின் வண்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன விலை ஸார்?" என்று கேட்டார். பாங்கிக்காரர் உண்மையில் பாதியைச் சொன்னார். அதுவே தேநீர்க்காரரின் நாலு மாதச் சம்பாத்தியத்துக்கு மேல். "நீங்கள் தினம் எவ்வளவு தூரம் போவீர்கள்?" என்று நாம் அவரைக் கேட்டோம். காலையிலும் மாலையிலுமாக நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது என்றார். வாரத்துக்கு ஆறு நாள். கனத்த இரும்பு வண்டி, கொதிக்கிற பாத்திரம், மாற்றுப் பல்சக்கரம் கிடையாது. அன்று நம் கூட்டத்தில் எவரும் தாம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குச் சைக்கிள் விளையாட்டு அல்ல. அதனால் அவரை எந்தச் சங்கமும் அங்கத்தினராகக் கூப்பிடவில்லை. நம் அபிப்பிராயத்தில், கூப்பிட்டிருக்க வேண்டும்.

மேற்கே போகிறவர்களும் உண்டு. முடிச்சூர் வழியாக மணிமங்கலம் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்த இடங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்லுகிறது. இன்று அந்தப் போர்க்களத்துக்குப் போகும் வழியில் லாரிகளோடு நாம் போர் செய்ய வேண்டியிருக்கிறது.

இதிலேதான் நமக்கு வருத்தம். 2005-06 முதல் தமிழ்நாட்டு அரசு, அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சைக்கிள் வழங்க ஆரம்பித்தது. கிராமத்துப் பெண்கள் படிப்பை நிறுத்தாமல் இருந்ததற்கு அது எவ்வளவு ஒத்தாசை என்பது உபாத்தியாயர்களுக்குத் தெரியும். ஆனால் நம் வகுப்பில் சைக்கிள் வாங்கிய பெண்களில் பாதிப் பேர் அதை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு பஸ்ஸில் வருகிறார்கள். ஒருத்தியின் தகப்பனாரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "சைக்கிள் நல்ல சைக்கிள்தான் ஐயா. ரோட்டை யார் கொடுப்பார்கள்?" என்றார். சென்னை மாநகராட்சி 2014-ல், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் தருவதாக இந்தியாவிலேயே முதலாவதாக ஒரு கொள்கை வகுத்தது. தாம்பரம் அப்போது அதன் எல்லைக்குள் இல்லை; 2021-ல்தான் தனி மாநகராட்சியாயிற்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிளுக்கென்று வெள்ளைக் கோடு போட்ட ஒரு முழ அகலம்கூட நம் கண்ணில் படவில்லை. வயது வந்தவர்கள் விடியற்காலை நாலே முக்காலுக்குப் புறப்படுவது வெயிலுக்கு அஞ்சி மட்டும் அல்ல. பள்ளிக்கூடத்துப் பெண் நாலே முக்காலுக்குப் புறப்பட முடியுமா?

திரும்பி வரும்போது வண்டலூரை எட்டு மணிக்குள் தாண்டிவிட வேண்டும் என்பது சங்கத்தில் எழுதாத சட்டம். பக்கத்திலே கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பெரிய பஸ் நிலையம் திறந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் அந்தச் சந்திப்பில் பஸ்களும் லாரிகளும் யானைக் கூட்டம் போல் நெருக்குகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை நமது மூச்சிரைப்பினால் எல்லோருக்கும் தாமதமாகி, எட்டே கால் ஆகிவிட்டது. புதுக்கோட்டை அம்மாள் முதலில் இறங்கினார். பிறகு ரயில்வேக்காரர், பாங்கிக்காரர், ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். அவ்வளவு தூரத்தையும் சிரித்துக்கொண்டே மிதித்தவர்கள், மேம்பாலத்துக்கு அடியில் வரிசையாக நின்று, ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டும் வரையில் காத்திருந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள்.