மாலத்தீவுப் பயணம் – 4: புலிச்சுறாக்களின் துறைமுகம்

ஹனிபாரு குடாவில் ஆனைத்திருக்கைகள் வாயை அகலத் திறந்துகொண்டு வட்டமிட்டு இரை வடித்துண்ணும் வைபவத்தைச் சென்ற இதழில் விஸ்தாரமாக எழுதிவிட்டபடியால், அதன்பின் மாலே நகரத்தில் வெயிலிலும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலிலும் கழிந்த பொழுதையும், உள்நாட்டு விமானத்துக்காகக் காத்துக் கிடந்ததையும் வாசகர்கள் தலையில் சுமத்தாமல், நேரே தெற்கேயுள்ள ஃபுவாமுலாத் தீவுக்கு வந்துவிடுகிறேன்.

பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஹுவாது, அட்டு என்னும் இரண்டு பெரிய பவழத்தீவுக் கூட்டங்களுக்கு நடுவில், துணைக்கு ஒரு மணல்திட்டு கூட இல்லாமல் மகாசமுத்திரத்தில் தனித்து நிற்கும் ஒற்றைத் தீவு அது. விளம்பரப் படங்களில் நாம் காணும் மாலத்தீவுக்குரிய அமைதியான நீலக் காயல் இங்கே இல்லை. கரையைவிட்டுச் சிறிது தூரம் போனதுமே கடல் செங்குத்தாகப் பாதாளத்தில் இறங்கிவிடுகிறது. தீவுக்குள்ளே இரண்டு நன்னீர் ஏரிகளும், சேம்புப் பாத்திகளும், மாமரங்களும் உண்டு. விடியற்காலையில் பெண்கள் ஈர்க்குவாரியலால் தத்தம் வீட்டு வாசலை மட்டுமின்றி அடுத்த தெருமுனை வரையில் பெருக்கிவிடுகிறார்கள். நம் நகரசபை அங்கத்தினர்களைச் சொந்தச் செலவில் இங்கே அழைத்து வந்து காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாகப் பதவி வகித்த இபின் பதூதா, அப்பதவியைத் துறந்து புறப்பட்ட பிறகு மூலூக் என்ற தீவில் 70 நாட்கள் தங்கி, இரண்டு பெண்களை விவாகம் செய்துகொண்டதாக எழுதியிருக்கிறார். அந்த மூலூக் இதுதான் என்று சரித்திரக்காரர்கள் கருதுகிறார்கள். எனக்கு வாய்த்தது ஒரு மின்விசிறியும் ஜன்னல் வழியே வந்த கருவாட்டு வாசனையுந்தான்.

நான் வந்த காரியம் சுறாவைப் பார்ப்பது. துறைமுகத்தில் மீனவர்கள் சூரை மீனை அறுத்துக் கழிவையும் தலைகளையும் கடலில் தள்ளுவது நெடுங்கால வழக்கம். அதைத் தின்பதற்கென்று வந்து பழகிய புலிச்சுறாக்கள் துறைமுக வாசலையே வாசஸ்தலமாக்கிக்கொண்டன. உடலிலுள்ள கோடுகளையும் தழும்புகளையும் வைத்து ஆராய்ச்சியாளர்கள் இங்கே தனித்தனியாக அடையாளம் கண்டிருப்பவை இருநூறுக்கும் மேற்பட்டவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெண் சுறாக்கள். ஆமையோட்டைக்கூட அறுக்கவல்ல பல்வரிசை உள்ள இந்தப் பிராணியை, கூண்டோ வலையோ இல்லாமல், மனிதர் எதிரே நின்று பார்க்கலாம் என்பதே இத்தீவின் கீர்த்தி.

புறப்படுமுன் வழிகாட்டியான இளைஞர் எங்களை உட்கார வைத்து விதிகளை ஒப்புவித்தார். நீரில் படுத்தவாக்கில் நீந்தக் கூடாது, நிமிர்ந்தே நிற்க வேண்டும்; சுறாவுக்கு முதுகைக் காட்டக் கூடாது, ஏனெனில் அது பின்புறமாக வந்து தாக்கும் சுபாவமுடையது; கண்ணோடு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; வெளுத்த உள்ளங்கை இரையைப் போலத் தோன்றும் என்பதால் கறுப்புக் கையுறை அணிந்து, கையை மார்போடு வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றைக் கேட்டபோது மார்க்கோ போலோ நம் கடற்கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியது நினைவுக்கு வந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் அறிந்தவர்களை அமர்த்தி, எடுத்த முத்தில் 20-இல் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுப்பார்களாம். இரவில் எவனும் திருட்டுத்தனமாக மூழ்காதபடி, பொழுது சாய்ந்ததும் அந்த மந்திரத்தை அவர்கள் அவிழ்த்து விடுவார்களாம். கடல்கட்டி என்று பெயர் பெற்ற அந்த மந்திரவாதிகளின் உத்தியோகம் பிரிட்டிஷார் காலத்திலும் நீடித்தது. இங்குள்ள வழிகாட்டிக்கு மந்திரம் தெரியாது. கையில் ஒரு குழாய்த்தடியும், வாளியில் சில சூரைத் தலைகளும் இருந்தன.

படகு துறைமுகத்தைத் தாண்டிச் சில நிமிஷங்களே ஓடிற்று. சிலிண்டரைச் சுமந்தபடி முதுகுப்புறமாகக் கடலில் சரிந்து, ஏறத்தாழ 30 அடி ஆழத்தில் பவழச் சிதைவுகள் பரந்த தரையில் முழந்தாளிட்டு நாங்கள் வரிசையாக நின்றோம். வழிகாட்டி மீன்தலைகளைக் கல்லுக்கடியில் செருகிவிட்டு ஒதுங்கினார். கொஞ்ச நேரம் என் மூச்சுக் குமிழிகளின் சப்தத்தைத் தவிர வேறொன்றுமில்லை. பிறகு, நீலம் இருண்டு திரண்ட ஒரு திசையிலிருந்து, கோயில் பிராகாரத்தில் யானை வருமே, அந்த நிதானத்தோடு, எவரையும் பொருட்படுத்தாமல் முதலாவது சுறா வந்தது. சதுரமாக மழுங்கிய மூக்கு. வயது ஏற ஏற மங்கிப்போகும் கோடுகள் விலாவில் நிழலைப் போல் படிந்திருந்தன. வயிற்றுக்கடியில் ஒட்டுமீன்கள் தொங்கின. வாயின் மூலையில் துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று தைத்து, அதிலிருந்து முழநீளத்துக்கு அறுந்த நரம்பு ஆடிக்கொண்டிருந்தது. கல்லைப் புரட்டி அது தலையைக் கவ்வும் கணத்தில் கண்ணின்மேல் வெள்ளைத் திரையொன்று ஏறி இறங்கியதைத் தெளிவாகப் பார்த்தேன்.

அதற்குப் பின் வந்தவற்றை எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்று ஒரே சமயத்தில் சுற்றும்போது எந்தக் கண்ணைப் பார்ப்பது என்ற சங்கடம் விதியில் சொல்லப்படவில்லை. ஒன்று மாத்திரம் வரிசையை விட்டு என்னை நோக்கியே நேராக வந்தது. இரண்டு முழ தூரத்தில் வழிகாட்டி குறுக்கே புகுந்து, அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினார். மூக்கு நுனியில் மின்னதிர்வை அறியும் நுண்துளைகள் நிறைந்திருப்பதால் அந்தத் தொடுகை ஒன்றே போதும் போலிருக்கிறது, பதினான்கடி நீளமுள்ள அந்தப் பெருஞ்சரீரம் சிறிதும் கோபமில்லாமல் பக்கவாட்டில் திரும்பி, வாலின் வீச்சில் என்னை ஓர் அடி பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போயிற்று. மாலே கப்பல்துறையில் என்னை இடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனவர்களைக் காட்டிலும் அதனிடம் மரியாதை அதிகம் என்றே சொல்வேன்.

மத்தியானம் விடுதிக்காரருடைய தந்தையார் என்னைத் தம்மோடு உண்ணச் சொன்னார். இளமையில் மாசிக் கருவாடு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தவர். அங்கே கற்ற தமிழ் இன்னும் அவர் நாவில் இருந்தது. சூரைத் துண்டங்களை உப்பு நீரில் கொதிக்கவிட்டு, நுரையை வழித்து வழித்து எடுத்துவிட்டால் கிடைக்கும் தெளிந்த சாறுதான் இவர்களுடைய கருதியா. அதைச் சுடுசோற்றில் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, வெங்காயத்தையும் மிளகாயையும் கையாலேயே நசுக்கிப் பிசைந்து உண்ண வேண்டும். புளியும் மல்லித்தூளும் இல்லாத மீன்சோற்றை நான் அவநம்பிக்கையோடுதான் தொட்டேன். மூன்றாவது கவளத்துக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டேன். அதே சாற்றை நாள்பூராவும் காய்ச்சிக் கரும்பழுப்பு விழுதாக்கிய ரிஹாகுருவை ஒரு கரண்டி இலையில் வைத்தார். அந்த உப்பும் உறைப்பும் பழையமுதுக்குத் தகுந்தவை.

"பயந்தீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"பயமில்லை என்று சொன்னால் நம்புவீர்களா, பெரியவரே?"

அவர் சிரித்தார். "எங்க வாப்பா காலத்தில அதைப் பிடிச்சு, ஈரலை உருக்கித் தோணிக்குப் பூசுவோம். மரம் உளுத்துப் போகாது. இப்ப தொட்டாலே பொலீஸ் வரும். மகன்ட விடுதிக்கு ஆள் வாறது அந்த மீனாலதான். என் மூஞ்சியப் பார்க்கவா வாறாங்க?"

சாப்பாட்டுக்கு அவர் காசு வாங்கவில்லை. அந்தக் குறையை முக்குளிப்புக் கடைக்காரர் நிவர்த்தி செய்தார். முன்கூட்டிப் பேசிய டாலர் தொகைக்குமேல், படகுக் கூலி, கையுறை வாடகை, சேவைக் கட்டணம், அத்தனைக்கும் சேர்த்து நூற்றுக்கு 17 வீதம் சுற்றுலா வரி என்று ஒரு நீண்ட சீட்டை நீட்டினார். வரி அரசாங்கத்தினுடையது, கொடுப்பது தர்மம். ஆனால் படகில்லாமல் கடலுக்குள் நடந்தா போவேன் என்று நான் எண்ணியிருப்பேன்? இதைக் கேட்டதும் அதுவரை சரளமாக இங்கிலீஷ் பேசியவருக்கு அந்தப் பாஷை மறந்துபோயிற்று. அரைமணி நேர வாதத்தில் கையுறை வாடகை மட்டும் தள்ளுபடியாயிற்று. அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு விளம்பரம்.

ஆயினும் கோபம் தணிந்தபின் யோசித்தால் ஒன்று விளங்குகிறது. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், மாலத்தீவின் பிரசித்தமான முக்குளிப்பு இடமொன்றில் உலவும் சாம்பற்சுறா ஒன்று உயிரோடு இருந்தால் ஆண்டுக்கு 33,500 டாலர் வருமானம் தருகிறதென்றும், பிடித்து விற்றால் மீனவனுக்குக் கிடைப்பது 32 டாலர்தான் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்குக்குப் பிறகு, 1998-இல் சுற்றுலா நடக்கும் தீவுக் கூட்டங்களில் சுறாவேட்டை தடுக்கப்பட்டது. 2010-இல் நாடு முழுவதிலுமே தடையாயிற்று. ஜீவகாருண்யத்தைப் போதித்துச் சாதித்திருக்க முடியாத காரியத்தைக் கணக்குப் புஸ்தகம் சாதித்தது. இரை போட்டுச் சுறாவைப் பழக்குவது தகுமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. தானே வந்து போகும் பிராணி மனிதன் வாளியை எதிர்பார்க்கத் தொடங்குவது எனக்கும் ரசிக்கவில்லை. ஆனாலும் துடுப்பை அறுத்துவிட்டு உடலைக் கடலில் எறிந்த காலத்தைவிட, வாளியோடு நிற்கும் இந்தக் காலம் சுறாவுக்கு மேலானது என்பதே என் தீர்மானம்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு சொல். ஸ்கூபாவை ஊரிலேயே முறையாகக் கற்று, சான்றிதழும் கொஞ்சம் பழக்கமும் பெற்றுக்கொண்டு போங்கள். சுறாவின் எதிரே நின்று மூச்சுவிடப் படிப்பது உசிதமல்ல. கடலில் இறங்குமுன் மொத்தத் தொகையை, வரி உட்பட, காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முக்குளித்தபின் 18 மணி நேரம் விமானம் ஏறலாகாது என்பதால் நான் படகிலேயே அட்டுவுக்குப் போகிறேன். 1976 வரை ஆங்கிலேயர் வைத்திருந்த விமானத்தளத்தைத் தவிர அங்கே பார்ப்பதற்கு அதிகமில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகையால் அடுத்த கட்டுரை சிறியதாகவே இருக்கும்.