காலிக் கப்பல்களின் பீர்

ஐபிஏ நிறைந்த கிளாஸை என் பக்கம் தள்ளி, "இது உங்கள் நாட்டுக்காகவே பிறந்த பீர், தெரியுமா?" என்று கேட்காத ஆங்கிலேயரை லண்டனில் நான் இன்னும் பார்க்கவில்லை. கேள்விக்குப் பின்னால் கதை வரும். அதில் ஒரு வரியைக்கூட யாரும் மாற்றுவதில்லை. இந்தியாவில் வெள்ளைக்காரப் பட்டாளம் வெயிலில் தவித்தது. இங்கிருந்து அனுப்பிய பீரெல்லாம் நடுக்கடலிலேயே புளித்துப்போனது. ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்ற லண்டன்காரர் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டு, போதையையும் ஏற்றி, கெட்டுப்போகாத ஒரு பீரைக் கண்டுபிடித்தார். அதுதான் இந்தியா பேல் ஏல்.

எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலும் இதே கதைதான். வேலை முடிந்து ஸ்ட்ராட்ஃபர்ட் பக்கம் ஒரு பப்பில் சேருவோம். ஆளுக்கொரு தாய்நாடு, ஆளுக்கொரு பீர். பிராக்கிலிருந்து வந்தவர் பில்ஸ்னர் உர்க்குவெல்லைத் தவிர வேறெதையும் பீர் என்று ஒப்புக்கொள்வதில்லை. 1842-இல் பில்சென் நகரத்தார் பவேரியாவிலிருந்து ஜோசப் க்ரோல் என்பவரை வரவழைத்துக் காய்ச்சவைத்த பொன்னிற லாகர் அது. இன்று உலகம் முழுக்க விற்கும் பீரில் பெரும்பகுதிக்கு அதுவே மூதாதை என்பதால் அவருடைய கர்வத்தை மன்னித்துவிடலாம். பெல்ஜியத்துத் தோழிக்கு ஓர்வால் மடத்தின் பீர்தான் பீர். புட்டியில் அடைத்த பிறகும் காட்டு ஈஸ்ட் அதற்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். புதிதாகக் குடித்தால் ஒரு ருசி, மாதங்கள் கழித்துத் திறந்தால் வேறு ருசி. யாழ்ப்பாணத்து நண்பன் எதற்கும் அசையமாட்டான். "மச்சான், நீ என்னத்தைச் சொன்னாலும் எங்கட லயன் ஸ்டவுட்டுக்கு முன்னால ஒண்டும் நிக்காது." நுவரெலியாவில் பிறந்த கறுப்பு பீர் அது. எட்டு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல) போன இடமெல்லாம் அதைப் புகழ்ந்தார்.

என் முறை வந்தால் எல்லோரும் ஐபிஏவைக் காட்டுவார்கள். இந்தியன் என்றால் இந்தியா பேல் ஏல். அதிலும் ஊற்றித் தருவது அமெரிக்க ஐபிஏ! 1970களில் புழக்கத்துக்கு வந்த காஸ்கேட் போன்ற அமெரிக்க ஹாப்ஸ் ரகங்களால் பம்ப்ளிமாஸும் பைன் மரமும் மணக்கும் சரக்கு. இந்தியாவுக்குக் கப்பலேறிய எந்தப் பீப்பாயும் அந்த வாசனையைக் கண்டதில்லை.

நான் திருவொற்றியூர்க்காரன். தாத்தா வழியில் நெசவுக் குடும்பம். காலாடிப்பேட்டையில் ஒரு காலத்தில் தறி இருந்ததாம், எனக்கு அது கேள்விப்பட்ட சங்கதி மட்டுமே. அந்த வீட்டில் மோர் குடித்தார்கள், கஞ்சி குடித்தார்கள், சிலர் ஒளித்து வைத்துக் கள்ளும் குடித்தார்கள். "உங்களுக்காக" என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம், யாருக்காக என்று கேட்கவேண்டும் போலிருக்கும். ஒருநாள் தேடவே இறங்கிவிட்டேன்.

தேட வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. நான் தினம் ஏறும் 25-ஆம் எண் பஸ் 'போ' என்ற இடத்தைத் தாண்டித்தான் நகரத்துக்குள் போகும். அங்கே லீ ஆற்றின் பாலத்தருகில்தான் ஹாட்ஜ்சனின் ஆலை இருந்தது. 1752 வாக்கில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் சரக்கேற்றும் ப்ளாக்வால், ஆற்றோடு படகில் போனால் கொஞ்ச தூரம். இறங்கிப் பார்த்தேன். மேம்பாலம், லாரி, புகை. கடைசிச் சுவரை 1933-இல் இடித்துவிட்டுக் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள்.

ஹாட்ஜ்சனைப் பற்றிப் படிக்கப் படிக்க, மேதை கரைந்து வியாபாரி வெளிப்பட்டார். கம்பெனிக் கப்பலின் கேப்டன்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யக் கப்பலில் இடம் உண்டு. போகும்போது இங்கிலாந்துச் சாமான், வரும்போது கிழக்குச் சாமான். பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி, கண்ணாடி, தொப்பி, பீர் என்று வாங்கிப்போய் கல்கத்தாவிலும் சென்னப்பட்டணத்திலும் விற்பார்கள். ஹாட்ஜ்சன் அவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். ஆலை பக்கத்தில், கடனும் தாராளம். கேப்டன் வேறெங்கே போவான்? அவர் ஏற்றிவிட்டதும் புதுச்சரக்கு அல்ல. ஊர்ப் பிரபுக்கள் அக்டோபரில் காய்ச்சி நிலவறையில் ஓரிரு வருடம் வைத்துக் குடித்த வெளிர்நிற பீர்தான் அது. கப்பல் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டும். பீப்பாய் மாதக்கணக்கில் வெக்கையிலும் குலுங்கலிலும் கிடக்கும். நிலவறையில் நெடுநாள் பிடிக்கும் பக்குவம் சில மாதங்களில் வந்துசேர்ந்தது. இதை யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

ஹாப்ஸ் ரகசியமும் அவருடையதல்ல. சூடான நாட்டுக்குப் போகும் பீருக்குக் கூடுதல் ஹாப்ஸ் போடவேண்டும் என்பதை 1760களிலேயே ஆலைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். போதையும் அப்படித்தான். ஆறு, ஆறரை சதவீதம் என்பது அக்கால இங்கிலாந்தில் பெரிய விஷயமே இல்லை.

கதையின் முதுகெலும்பை உடைத்தது போர்ட்டர். கன்னங்கரேல் என்றிருக்கும் அந்த லண்டன் பீரும் இந்தியாவுக்குப் போனது. பேல் ஏலைவிட அதிகமாகவே போனது. பட்டாளத்துக்கென்று கம்பெனி வாங்கி அனுப்பியது அதைத்தான். கெடாமல் வந்து சேர்ந்து, பாரக்குகளில் தீர்ந்தது. பேல் ஏல் அதிகாரிகளுக்கும் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கும். ஆப்தார் என்ற வேலைக்காரன் வெடியுப்பு கரைத்த நீரில் புட்டியைச் சுழற்றிக் குளிர்வித்துத் தருவான். தாகத்தில் தவித்த பட்டாளத்துக்காரன் இந்தக் கதைக்குள் எப்படித்தான் நுழைந்தானோ!

சரி, ஹாட்ஜ்சன் கண்டுபிடிக்கவில்லை, பட்டாளம் குடிக்கவில்லை. அப்படியானால் இந்தப் பீர் எதனால் வந்தது? அங்கேதான் நான் வழி தப்பி பர்ட்டனுக்குப் போனேன்.

பர்ட்டன்-அபான்-ட்ரென்ட், இங்கிலாந்தின் நடுவே ஒரு சிறு நகரம். ருஷ்யாவுக்குப் பீர் விற்றுக் கொழித்த ஊர். 1822-இல் ஜார் அரசு வரியை ஏற்ற, அந்தச் சந்தை படுத்துவிட்டது. அதே சமயம் ஹாட்ஜ்சன் வாரிசுகள் பேராசையில் கடனை நிறுத்தி, விலையை ஏற்றி, கல்கத்தா வியாபாரிகளைப் பகைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி இயக்குநர் கேம்பல் மார்ஜரிபேங்க்ஸ், பர்ட்டன் ஆலைக்காரர் சாமுவேல் ஆல்சாப்புக்கு ஹாட்ஜ்சன் பீரைக் காட்டி, "இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டதாகவும், ஆல்சாப்பின் ஆள் ஜாப் குட்ஹெட் தேநீர்க் கெண்டியில் முதல் மாதிரியைக் காய்ச்சியதாகவும் ஊர்ப் பெருமை. பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அந்த நீரில் பேல் ஏல் லண்டனைவிடத் தெளிவாக வந்தது. 1830களில் பாஸ் என்ற இன்னொரு பர்ட்டன் ஆலையும் ஆல்சாப்பும் ஹாட்ஜ்சனைச் சந்தையிலிருந்தே ஓரங்கட்டிவிட்டார்கள்.

ஊரில் இருந்த பீர் அருங்காட்சியகம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. அதனால் பப் பப்பாக விசாரித்ததில் ஒரு பெரியவர் மாட்டினார்; உண்மையில் நான்தான் அவரிடம் மாட்டினேன். ஆலைகளில் பீப்பாய் செய்தும் செப்பனிட்டும் ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி என்னை "டக்" என்றே கூப்பிட்டார். தீக்குச்சி உரசினதுபோல மணக்கும் பர்ட்டன் பீரை முன்னால் வைத்துக்கொண்டு அவர் சொன்ன கதை இது: 1827-இல் இந்தியாவுக்குப் போன கப்பல் ஒன்று ஐரிஷ் கடலில் உடைந்தது. கரைசேர்ந்த பீப்பாய்களை லிவர்ப்பூலில் ஏலம் விட்டார்கள். குடித்தவர்கள் சொக்கிப்போனார்கள். இங்கிலாந்துக்கே ஐபிஏ அப்படித்தான் அறிமுகம்.

கப்பலின் பெயர் என்ன என்று கேட்டேன். "கப்பல் கப்பல்தான், டக்."

இந்தக் கதையை அச்சேற்றியவர் வில்லியம் மாலினோ. பர்ட்டனைப் பற்றி 1869-இல் எழுதிய புத்தகத்தில். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு நாற்பது வருடம் தள்ளி. 1827-இல் அப்படியொரு கப்பல் அகப்படவில்லை. பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் தோண்டியெடுத்தது வேறொன்று: 1839 ஜனவரியில், அயர்லாந்தையும் லங்காஷயரையும் சூறையாடிய பெரும்புயலில், பம்பாய் நோக்கிப் புறப்பட்ட 'க்ரூசேடர்' ப்ளாக்பூல் கரையருகே சிதைந்தது, அதில் பர்ட்டன் பீர் இருந்தது. ஆனால் அதற்கு நாலு வருடம் முன்பே, 1835-இல், லிவர்ப்பூல் பத்திரிகையில் கிழக்கிந்திய பேல் ஏல் விளம்பரம் வந்துவிட்டது. 1829-இல் சிட்னி பத்திரிகையிலேயே அந்தப் பெயர் அச்சாகிவிட்டது.

இவ்வளவையும் நகல் எடுத்துக்கொண்டு மறுபடி போய்ப் பெரியவர் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "நல்லது. ஆக, கப்பல் உடைந்ததுதானே?" என்றார். ஆண்டை விட்டுக்கொடுத்தார், கப்பலை விடவில்லை. எங்கள் ஊர்க் கோயில் ஸ்தலபுராணத்தை இப்படிக் குடைந்தால் அத்தையும் இதைத்தான் சொல்லியிருப்பாள். சலிப்போடு எழுந்தபோது, பீப்பாய்க்காரர் பீப்பாய்க்காரராகவே ஒன்று கேட்டார். "எல்லோரும் பீர் எப்படிக் கெடாமல் போனது என்றே கேட்கிறீர்கள். அவ்வளவு கனமான பீப்பாயை அவ்வளவு தூரம் ஏற்றிக்கொண்டு போனால் எப்படிக் கட்டுப்படியானது என்று யாராவது கேட்டீர்களா? கப்பலில் இடம் சும்மா கிடந்திருக்க வேண்டும், டக்."

நான் தேடிக்கொண்டிருந்த கேள்வி அதுதான். ஹாப்ஸையும் ஈஸ்ட்டையும் விட்டுவிட்டுக் கப்பல் அறைகளைப் படிக்க ஆரம்பித்தேன். கம்பெனிக்குக் கிழக்கே விற்க உருப்படியான சாமான் கிடையாது. ஆங்கிலேயக் கம்பளியை நம் வெயிலில் யார் வாங்குவது? வெள்ளியைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து துணியும் மிளகும் வாங்கிப் போனார்கள். வெள்ளி இடத்தை அடைக்காது. கிழக்கே போகும்போது கப்பலில் இடம் மிச்சம், வாடகை மலிவு; திரும்பும்போது அடைசல். போகும்போது மிஞ்சிய அந்த இடத்தில்தான் கேப்டனின் பீப்பாய்கள் ஏறின.

எப்போதிலிருந்து ஏறின என்று பின்னோக்கிப் போனால், ஹாட்ஜ்சன் ஆலைக்கு முப்பத்தைந்து வருடம் முன்பே ஒரு பட்டியல் அகப்பட்டது. சுமத்ராவில் பென்கூலன் என்ற கம்பெனிக் குடியிருப்பு. 1716 ஜூலையில் அங்கே ஒரே மாதத்தில் தீர்ந்த சரக்கின் கணக்கு: டஜன் டஜனாக வைன், மடேரா, ஷிராஸ், பட்டேவியா சாராயம், கள். நடுவே, பர்ட்டன் ஏலும் பேல் பீரும் சேர்த்து இருபத்து நாலரை டஜன். லண்டன் இயக்குநர்கள் இதைப் பார்த்து, இவ்வளவையும் குடித்துவிட்டு நீங்களெல்லாம் உயிரோடிருப்பதே அதிசயம் என்ற தோரணையில் கடிந்து எழுதினார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே துணை ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் வாசகசாலையில் சிரித்துவிட்டேன். 1717-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த அதே காலட் துரை! திருவொற்றியூர் பக்கத்தில் நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் குடியேற்றினார். கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் எழுந்தது. கணக்கர் வீரராகவர் வரதரைச் சேவிக்கக் காஞ்சிக்குப் போய்ப்போய் வந்ததால் துரை மனமிரங்கி இங்கேயே கோயில் கட்டிவைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். காலட் பேட்டைதான் காலாடிப்பேட்டை. என் தாத்தா வழித் தறி இருந்த இடம்.

கம்பெனி அவர்களைக் குடியேற்றியது கோயிலுக்காக அல்ல, துணிக்காக. அந்தத் துணியை ஏற்றிக்கொண்டு போகத்தான் கப்பல்கள் வந்தன. வருகிற கப்பலில் இடம் இருந்ததால் பீரும் வந்தது. ஐபிஏவைப் பிறப்பித்தது இந்தியாவின் வெயில் அல்ல, பட்டாளத்தின் தாகமும் அல்ல. திரும்பிப்போகும்போது நிறைத்துக்கொள்ளத் துணி காத்திருந்தது என்பதே காரணம் என்பது என் தீர்ப்பு. இதிலே ஒரு கொடுமையும் உண்டு. பாஸ் பீப்பாய்கள் வரிசையாக வந்திறங்கிய 1830களில், கூடவே லங்காஷயர் மில் துணியும் வந்திறங்கிக்கொண்டிருந்தது. கரையில் தறிகள் நின்றுபோய்க்கொண்டிருந்தன.

யாழ்ப்பாணத்து நண்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு விதத்தில உங்கட பீர்தானே அது?" என்றான். குடித்தது நாங்கள் இல்லை என்றேன்.

உங்களிடமும் என்றாவது ஒருவர் கிளாஸை நகர்த்தி, பட்டாளத்தின் தாகத்தில் ஆரம்பிப்பார். பட்டாளம் குடித்தது போர்ட்டர் என்று சொல்லுங்கள். அது மட்டும் எப்படிக் கெடாமல் வந்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், அன்றைய பில்லை அவரே கட்டட்டும்.