நேற்றைய நாளைக் கேளுங்கள்

பெண்ணியல் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் வாரமே கேட்பது, என்னென்ன புத்தகம் வாங்க வேண்டும் என்று. அட்டை கெட்டியான நோட்டு ஒன்று வாங்கு என்பேன். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுத வேண்டிய படிப்பு இது. கோட்பாடெல்லாம் அடுத்த செமஸ்டரில் தானாக வரும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த நெறியாளர் அம்மா, வினாப்பட்டியலைக் கையில் வாங்கியதும் பென்சிலால் முதலில் அடிப்பது ‘வழக்கமாக’ என்ற சொல்லைத்தான். ‘வழக்கமாக என்ன வேலை செய்வீர்கள்?’ என்று கேட்டால், ‘என்ன பெருசா, வீட்டு வேலைதான்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ‘நேத்து எந்திரிச்சதும் முதல்ல என்ன செஞ்சீங்க?’ என்று கேட்டால் வாசல் தெளித்ததிலிருந்து வரும். அப்புறம்? அதற்கப்புறம்? அவ்வளவுதான் கேள்வி. அவர் ஓரத்தில் எழுதுகிற குறிப்பும் ஒன்றேதான்: ‘யார் சொன்னது?’

அந்தக் கேள்வி சின்ன விஷயமில்லை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் போய் அக்காவிடம் கேட்டால் திண்ணையிலிருக்கும் அண்ணன் பதில் சொல்வார். அதனால் இருவராகத்தான் போகச் சொல்வேன். ஒருத்தி அண்ணனிடம் 2018 கஜா புயலில் எத்தனை தென்னை விழுந்தது என்று கேட்க வேண்டும். கீரமங்கலம், வடகாடு பக்கம் அந்தப் பேச்சு எளிதில் முடியாது. அதற்குள் மற்றவள் கொல்லைப்பக்கம் போய் நாற்காலி வேண்டாமென்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இதற்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் கிடையாது.

ஒருவருடைய ஒரு நாள் எதெதில் போகிறது என்று நேரக் கணக்கு எடுப்பது பெரிய கலை. 1998-99இல் நாட்டில் முதன்முதலாக ஆறு மாநிலங்களில் சோதனையாக எடுத்தபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. 2019இல் நாடு முழுக்க எடுத்தார்கள்: விடிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை, அரைமணிக்கு ஒரு கட்டம். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆணுக்கு 97 என்று வந்தது. பரீட்சைக்கு இந்த எண்கள் போதும். ஒரு கட்டத்தை நிரப்பும்போது என்னவெல்லாம் நழுவுகிறது என்று தெரிய ஆதனக்கோட்டைக்கு வர வேண்டும்.

தஞ்சாவூர் ரோட்டில் அங்கே முந்திரி வறுத்து உடைக்கிறார்கள். வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் ஒரு தட்டு. ஓங்கித் தட்டினால் பருப்பு நொறுங்கும், மெதுவாகத் தட்டினால் ஓடு விடாது. முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே படிவத்தை மளமளவென்று நிரப்பி, ‘வேலை நேரம் எட்டு மணி’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாள் திரும்ப அனுப்பினேன். பேனாவைப் பையில் போட்டுவிட்டு நீயும் உட்கார்ந்து உடை என்றேன். அவள் உடைத்ததெல்லாம் நொறுங்கல். பக்கத்திலிருந்த அக்கா சிரித்துச் சிரித்து, பிறகு பேச ஆரம்பித்தார். இந்தக் கையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க முடியாதாம், சோறு பிசைய முடியாதாம். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து, சீயக்காய் போட்டு, மறுபடி தேய்த்து, அதற்கப்புறம்தான் பிள்ளை. ‘இந்தக் கைகழுவுற நேரத்தை எந்தக் கட்டத்துல போடுறது மேடம், வேலையா ஓய்வா?’ என்று மாணவி கேட்டாள். அன்றைக்குத்தான் அவள் பெண்ணியல் துறையில் சேர்ந்தாள் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு ஆய்வேட்டில் ஒரு பத்தி கொடுக்காத புதுக்கோட்டைப் பிள்ளை அபூர்வம். 1886இல் இங்கே பிறந்தவர், மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், சரிதான். அவருடைய அம்மா சந்திரம்மாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா என்பேன். நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு அரைப் பக்கத்தோடு வருவார்கள். அந்த அரைப் பக்கத்தைத்தான் நான் திருத்தித் தருவேன்.

1991-92 அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி எழுதுவதும் அப்படித்தான். ஷீலா ராணி சுங்கத் இங்கே கலெக்டராக இருந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களைத் தேடிப் போகிறவர்கள், ‘விடுதலை’ என்ற சொல்லை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போகிறார்கள். அதை மடித்து வைத்துவிட்டு, யாருடைய சைக்கிள், எந்தப் பொட்டல், எங்கே விழுந்தீர்கள் என்று கேளுங்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினார்கள். முன்னால் பார் இருந்ததால் பிள்ளையை உட்காரவைக்க அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பார் கம்பியிலிருந்து பேச்சு தண்ணீர்க் குடத்துக்குப் போகும், அங்கிருந்து மாமியாருக்குப் போகும். குறுக்கே பேசாதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் சும்மா இருங்கள். மௌனம் தாங்காமல் அடுத்த கேள்வியைப் போடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது.

பேசியதை எழுத்தில் இறக்க, ஒரு மணிப் பேச்சுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். ‘ம்’ போட்டதையும் எழுதுங்கள். எழுதியதை அவரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். பெயரை மாற்ற வேண்டும் என்பது விதி. அந்த மாற்றுப் பெயரை அவர்களே வைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு பாட்டி கொஞ்சமும் யோசிக்காமல், ‘சரோஜாதேவின்னு போடு’ என்றார். அப்படியே போட்டோம். மூன்றாம் இயல் முழுக்கச் சரோஜாதேவி தைலமரச் சுள்ளி பொறுக்குகிறார். வைவாவுக்கு வந்த தேர்வாளர் அந்தப் பெயர் வந்த ஒவ்வொரு முறையும் சிரித்தார், கேள்வியை மட்டும் குறைக்கவில்லை.